நாலாவது வார்டும் வெல்பரோ கிழக்கும்

அந்தோணியார் கொட்டாய், பென்னாகரம் வழி
10 ஜூன் 2024

அன்பு மருமகள் ஜெயராணிக்கு,

உன் அம்மாவின் தம்பி, மைக் செட் பிலவேந்திரன் மாமா எழுதுவது. இங்கே யாருக்கும் குறையில்லை. உனக்கு ஒரு தும்மல் என்றாலும் அந்தோணியார் முதலில் எனக்குத்தான் தகவல் சொல்வார். சொல்லவில்லை என்பதால் நீயும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உன் அம்மா கேட்கிறாள். வாட்ஸ்அப் சத்தமில்லாமல் வந்து பாக்கெட்டுக்குள் படுத்துக்கொள்கிறது. தபால்காரர் வீரமணி வண்டியை நிறுத்தி, "லண்டன் தபாலுங்கோ!" என்று கூவினால் கொட்டாய் ஊரே திரும்பிப் பார்க்கிறது. மாமாவுக்கு அந்த மரியாதை வேண்டாமா?

விஷயம் இதுதான். டீக்கடையில் ஏரிமேட்டுத் தெரு சென்றாயன் என்னைச் சீண்டினான். "உங்க மருமவ அங்க ஓட்டுப் போடறாளா? கூலிக்குப் போன எடத்துல எவன் ஓட்டு குடுப்பான்?" என்றான். நான் விடுவேனா? "ஓட்டு மட்டுமா? அந்தத் தொகுதியில யாருக்கு சீட்டுன்னு அவளக் கேட்டுத்தான்டா முடிவு பண்ணுவாங்க" என்று ஒரே போடு போட்டேன். ஆகவே நீ உன் தொகுதியின் எல்லை, பிறப்பு, வளர்ப்பு, யார் யார் ஜெயித்தார்கள் எல்லாவற்றையும் விவரமாக எழுது. நான் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவன் என்றாலும் பிடித்துக்கொள்வேன்.

இங்கே அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் நம் நாலாவது வார்டுக்கு உன் அம்மா நிற்கப் போகிறாள். போன முறை நாம் ஜெயிக்க வைத்த மரிய ஆனந்த் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஒகேனக்கல் தண்ணீர் பைப் பாதியிலேயே நிற்கிறது. இன்னமும் போர்வெல் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளின் பல்லெல்லாம் மஞ்சள் கறை. சென்றாயனும் அதே வார்டில் நிற்பான். நிற்கட்டும். கொட்டாய் மொத்தமும் ஒரே கையாக ஓட்டுப் போடும்வரை ஏரிமேடு நம்மை அசைக்க முடியாது.

மை வைத்த விரலைப் படம் எடுத்து அனுப்பு.

உன் பெருமைக்குரிய மாமா,
பிலவேந்திரன்


வெல்பரோ
14 ஜூலை 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போட வேண்டும், டீக்கு அப்புறம் இல்லை.

ஓட்டுப் போட்டேன். காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் இங்கே முறையாகத் தங்கியிருந்தால் பார்லிமெண்ட் தேர்தலில் ஓட்டுப் போடலாம். ஆனால் விரலில் மை வைக்க மாட்டார்கள். சர்ச் ஹாலில் ஒரு குட்டிப் பென்சிலை நூலில் கட்டி வைத்திருந்தார்கள், அதை வைத்து ஓட்டுச் சீட்டில் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தேன். ஒருவர் நாயோடு வந்து ஓட்டுப் போட்டார். யாரும் என்னைக் கேட்டு சீட்டு கொடுக்கவில்லை மாமா. தயவுசெய்து அதைத் திருத்திச் சொல்லிவிடுங்கள்.

தொகுதிக் கதையை நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் இருக்கும் டோரீன் பாட்டி சொன்னார். ஒரு காலத்தில் கட்சிக்காக வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தவர். வெல்பரோ கிழக்கு 1885இல் உண்டானது. அப்போது முழுக்கச் சுரங்கத் தொழிலாளிகள். ஐம்பதுகளில் ஒரு முறை மூன்று தடவை எண்ணிய பிறகுதான் யார் ஜெயித்தது என்று தெரிந்ததாம். 1983இல் மேட்டு ஊர்களை இதோடு சேர்த்தார்கள். ஆடு வளர்ப்பவர்களுக்கும் சுரங்கக்காரர்களுக்கும் ஒத்தே வரவில்லை.

இந்தத் தேர்தலோடு அந்தப் பெயரே போய்விட்டது. மூன்றாக வெட்டி மூன்று தொகுதிகளில் சேர்த்துவிட்டார்கள். முக்கியமான விதி என்னவென்றால், எல்லாத் தொகுதியிலும் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து கூடலாம், ஐந்து குறையலாம், அவ்வளவுதான். தீவுகள் மாதிரி சில இடங்களுக்கு மட்டும் விலக்கு. எங்கள் தெரு பக்கத்துப் பள்ளத்தாக்கோடு போய்விட்டது.

டியூட்டிக்கு நேரமாகிறது. இன்னொன்று: ஊர் உறவை உடைக்காமல் கோடு போட வேண்டும் என்றும் இருக்கிறது. மக்கள் கேட்டுச் சில கோடுகளை மாற்றியிருக்கிறார்கள்.

அம்மா நிற்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! கூட இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஜெயராணி


அந்தோணியார் கொட்டாய்
20 ஆகஸ்ட் 2024

என் கண்ணு ஜெயராணிக்கு,

முழங்கால் வலி உன் கடிதத்தைப் பார்த்ததும் பயந்து ஓடிவிட்டது. நீயும் அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு பத்திரமாக இரு.

டீக்கடையில் உன் கடிதத்தை எழுந்து நின்று படித்தேன். படிக்கும்போது அங்கங்கே கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்திருப்பேன், அது குற்றமில்லை. மூன்று தடவை எண்ணினார்கள் என்றால் நம் ஆட்கள் அசைய மாட்டார்கள். அதனால் ராத்திரி பகலாக ஒரு வாரம் எண்ணினார்கள், எண்ணியவர் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள் என்றேன். நாய் வந்ததைச் சொன்னேன். நாய்க்கும் ஓட்டு உண்டா என்று கேட்டார்கள். இன்னும் முடிவாகவில்லை என்றேன். மைக்குப் பதில் அங்கே விரலில் கண்ணுக்குத் தெரியாத மருந்து தடவுகிறார்கள் என்றும் சொல்லிவைத்தேன்.

ஆனால் எல்லோரையும் வாயடைக்க வைத்தது அந்தச் சம எண்ணிக்கை விதிதான். "நூத்துக்கு அஞ்சு கூடப் போனா கோட்ட இழுத்துத் தள்ளிடுவாங்க! அண்ணன் தம்பின்னும் பாக்க மாட்டாங்க, தெருவுன்னும் பாக்க மாட்டாங்க!" என்று மேசையைத் தட்டினேன். சென்றாயனே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "இத்தன நாளா உங்களத் தெரியாமப் பேசிட்டேங்க மாமா" என்றான். அன்றிலிருந்து எனக்கு லண்டன் மாமா என்றுதான் பெயர். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடுவதில்லை. "அந்த விதிய இன்னொருக்கா சொல்லுங்க மாமா" என்று ஆசை ஆசையாகக் கேட்கிறான். கெட்டவனில்லை, வளர்ந்த இடம் அப்படி.

உன் அம்மாவுக்கு மட்டும் அவனைப் பிடிக்கவில்லை.

லண்டன் மாமா,
பிலவேந்திரன்


வெல்பரோ
12 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. இங்கே பனி. இல்லத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல், எங்களுக்கு லீவே இல்லை. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு மைக் செட் நிறைய ஆர்டர் வந்ததா?

அம்மா போனில் சொன்னாள். வார்டு எல்லையை மறுபடி வரைகிறார்களாம். வெளியான வரைவில் நம் கொட்டாய் முழுசாக நாலாவது வார்டிலேயே இருக்கிறதாம். "கடவுள் புண்ணியத்துல கை வெக்கல" என்றாள். அவள் குரலை அவ்வளவு தெம்பாக நான் கேட்டதே இல்லை. பைப்பை எந்த வழியாகக் கொண்டுவரலாம் என்றுகூட யோசித்து வைத்திருக்கிறாள்.

மாமா, அங்கே வரைவது வேறு சட்டம், வேறு முறை. இங்குள்ள கதை அங்கே பொருந்தாது. கதையாகவே இருக்கட்டும்.

அன்புடன்,
ஜெயராணி


அந்தோணியார் கொட்டாய்
18 பிப்ரவரி 2025

அன்பு மருமகளுக்கு,

சுகத்தை எல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன். உன் மாமா இன்று செய்ததை முதலில் கேள்!

வரைவு பற்றிக் கருத்துச் சொல்ல ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். "நம்ம கொட்டாய் முழுசா இருக்குது, எதுக்குப் போய்க்கிட்டு" என்று உன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்விட்டாள். கொட்டாயிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. சென்றாயன்தான் வண்டியோடு வந்து நின்றான். "மாமா, நீங்க இல்லாம கூட்டமா? லண்டன் விஷயம் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. அதிகாரிங்களுக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்க" என்றான். வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அதிகாரி மரியாதையானவர். "உங்களுக்கு ஆட்சேபணை ஏதும் உண்டுங்களா?" என்றார்.

"ஆட்சேபணைக்கு வரலைங்க. ரெண்டு வார்த்த பேசிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று எழுந்தேன். மைக் வேறு அருமையான மைக், மணி மாதிரிப் பேசுகிறது! வெல்பரோ கிழக்கை எடுத்துவிட்டேன். 1885, சுரங்கம், மயங்கி விழுந்தவர்கள், எல்லாம். கடைசியில், "அங்க தலைய எண்ணித்தான் கோடு. சொந்தம் பந்தம்னு பாக்கறதில்ல. அதான் வெள்ளக்காரன் உருப்பட்டான்!" என்று முடித்தேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

உடனே சென்றாயன் எழுந்தான். "மாமா சொன்னது நூத்துக்கு நூறு நியாயமுங்க. நாலாவது வார்டுல ஓட்டு ஜாஸ்தி, தோப்புக்கொட்டாய் இருக்கற அஞ்சாவதுல கம்மி. அவரு சொல்ற மாதிரி சமமாப் பண்ணுங்க. அந்தோணியார் கொட்டாய்க்காரரே சொல்றாருங்க!"

அதிகாரி என்னைப் பார்த்தார். "அய்யா, நீங்க சொல்றதும் அதுதானுங்களா?"

"அதேதானுங்க! நல்லா எழுதிக்குங்க!" என்றேன்.

திரும்பவும் கைதட்டல். சென்றாயன் போண்டா வாங்கிக் கொடுத்து, வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டான். இந்தப் பஞ்சாயத்துச் சரித்திரத்தில் இப்படி ஒரு பேச்சு நடந்ததில்லை என்று அவனே சொன்னான். உன் அம்மா வேலையிலிருந்து வந்ததும் சொல்ல வேண்டும். அவள் வாய் பிளக்கப் போகிறாள்.

குளிரில் ஜாக்கிரதை.

சபையை ஜெயித்த மாமா,
பிலவேந்திரன்


வெல்பரோ
16 மார்ச் 2025

மாமா,

உடம்பு எப்படி இருக்கிறது?

நேற்று அம்மா போனில் பேசினாள். அழவில்லை. முடிவான எல்லை வந்துவிட்டதாம். நம் சிமெண்டு ரோட்டின் நடுவில் கோடு. கோயில் பக்கத்து வரிசை நான்கு, எதிர் வரிசை ஐந்து. எங்கள் வீடு நாலாவது வார்டு, உங்கள் வீடு ஐந்தாவது. "எதுத்த வூட்டு ராணியம்மா ஓட்டு எனக்கில்லையாம்டி" என்றாள். பாதிக் கொட்டாயை வைத்துக்கொண்டு நாலாவது வார்டில் சென்றாயனை ஜெயிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரோ கூட்டத்தில் யோசனை சொல்லிக்கொடுத்ததாகக் கேள்விப்பட்டாளாம். யாரென்று தெரியவில்லையாம்.

உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை.

அன்று வேலையிலிருந்து வந்த பிறகு அவளிடம் என்ன சொன்னீர்கள் மாமா?

ஜெயராணி


அந்தோணியார் கொட்டாய்
2 ஜூன் 2025

அன்பு மருமகளுக்கு,

கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்தால் ஏதாவது வேலை வந்துவிடுகிறது. கல்யாண சீசன். உன் உடம்பு சுகம்தானே? இந்த வருடம் மாங்காய் நல்ல காய்ப்பு. அந்தோணியார் திருவிழாவுக்கு இந்த முறை செட் இனாமாகவே கட்டுகிறேன். மைக்கில் நான் பேசவில்லை, பாட்டு மட்டும்தான்.

உன் அம்மா கொஞ்சம் இளைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒகேனக்கல் போய் மீன் வாங்கி வந்து கொடுக்கிறேன். அவள் வீட்டுக் கூரையில் ஒழுகிக்கொண்டிருந்த ஷீட்டை மாற்றிவிட்டேன். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்று நீ கேட்டுச் சொன்னால் நல்லது.

நீ கேட்டது பற்றி. அன்று கூட்டத்தில் நிறையப் பேர் பேசினார்கள். மைக் சரியில்லை. யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் கேட்டிருக்காது. கோடு எல்லாம் மெட்ராஸில் கம்ப்யூட்டர் போடுவது. அதைத்தான் கொட்டாயிலும் சொல்லியிருக்கிறேன்.

"எந்தப் பாவி யோசன சொன்னான்னு நீதான் விசாரிச்சுச் சொல்லணும். உன்னாலதான் முடியும், நாலு பேரத் தெரிஞ்சவன்" என்று அக்கா என்னைத்தான் அனுப்பியிருக்கிறாள். விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

டீக்கடைப் பக்கம் போவதில்லை. டீ வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

மாமா


வெல்பரோ
29 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

வயிற்றுக்குச் சீரகத் தண்ணீர் குடியுங்கள். இங்கே எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

தப்பு உங்களுடையது மட்டும் இல்லை. சம எண்ணிக்கை விதியை நான்தான் "முக்கியமான விதி" என்று எழுதினேன். ஊர் உறவை உடைக்கக்கூடாது என்பதை டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இரண்டு வரியில் முடித்துவிட்டேன். போன வாரம் அம்மா, "உங்க நாட்டுல இப்பிடி நடந்தா என்னடி பண்ணுவாங்க?" என்று கேட்டாள். சிக்னல் இல்லை என்று போனை வைத்துவிட்டேன். அவள் மூன்று வேளையும் பட்டினி கிடந்து என்னை நர்ஸிங் படிக்க வைத்தவள். அவளிடம் சிக்னல் இல்லை என்று சொன்னேன்.

அன்றைக்கே டோரீனிடம் அதே கேள்வியைக் கேட்டேன். மேட்டு ஊர்களைச் சேர்த்த அந்த 1983 தேர்தலில் அவர் கட்சி தோற்றதாம். "அந்த ஊர்கள் நம்முடையவை இல்லை என்று நாங்கள் ஏறியே பார்க்கவில்லை. அடுத்த தேர்தலில் எங்களுக்காக நின்ற பெண் குளிர்காலம் முழுக்க மேட்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டினாள், ஜெயித்தாள்" என்றார். இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். "மேட்டுக்காரங்க பேச்சு அவளுக்குப் புரிஞ்சுதாமா?" என்று மட்டும் கேட்டாள்.

மாமா, அந்தப் பாவி யார் என்று அவள் என்னிடம் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட வேண்டும்.

ஜெயராணி


அந்தோணியார் கொட்டாய்
14 செப்டம்பர் 2025

ஜெயராணி கண்ணுக்கு,

உன் அம்மா நலம். நானும் நடமாடுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடு.

சொல்லிவிட்டேன். கருவாடு ஆய்ந்துகொண்டிருந்தாள். "அக்கா, அது யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றேன். "சொல்லு" என்றாள். "நான்தான்."

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும். நீ எனக்கு என்னைக்குடா மீனு வாங்கியாந்த? மொத ஞாயித்துக்கெழமையே நெனச்சேன். அப்பறம் ரேஷன் கடையில சென்றாயனே சொன்னான், சிரிச்சுக்கிட்டு."

"அப்பறம் ஏங்க்கா என்னைய விசாரிக்கச் சொன்ன?"

"விசாரிச்சியா இல்லியா?"

கோயில் முன்னால் எல்லோரிடமும் சொல்லி மன்னிப்புக் கேட்கட்டுமா என்றேன். "மைக்கு கட்டிக்கிட்டா? நீ பேசுனது போதும்" என்றாள்.

பிறகுதான் அவள் முடிவைச் சொன்னாள். பஞ்சாயத்துக்குள்ளே எந்த வார்டிலும் நிற்கலாம் என்று ஆபீஸில் கேட்டு வந்திருக்கிறாள். நாலாவது வார்டில் நிற்கவில்லை. ஐந்தில் நிற்கிறாள். "உன்னால போன பாதி அங்க கெடக்குது. அதோட தோப்புக்கொட்டாயும் சேந்தாத்தான் ஆவும். தேதி எப்ப வேணா சொல்லட்டும், இப்பவே போவணும். நீ கூட வா. வாயத் தொறக்காத."

அப்படியே போகிறோம். சாயந்திரமானால் அவள் முன்னால், நான் பின்னால். தோப்புக்கொட்டாயில் பாதி வீடு கன்னடக்காரர்கள். வெளியாட்களிடம் ஆண்கள் தமிழ் பேசுவார்கள், வயசான பெண்களுக்கு வராது. உன் அம்மாவுக்குக் கன்னடம் ஒரு சொல்லும் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் கல்யாணங்களுக்கு செட் கட்டியதில் பழகியது.

நேற்று ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா எங்களைப் பார்த்ததும், "பன்னி, பன்னி" என்றார். அக்கா முகம் சிவந்து, திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. ஆனால் என்ன செய்வது? ஓடிப் போய்ச் சேலையைப் பிடித்தேன். "திட்டலக்கா! வாங்கன்னு கூப்புடறாங்க. கன்னடத்துல அதுதான் வாங்க!"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொல்வதை நம்பலாமா என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது. அந்த நேரம் எனக்கு இருந்த மாதிரி எதிரிக்கும் வேண்டாம். கடைசியில் திரும்பி வந்தாள். "அவங்க சொல்றத மட்டும் சொல்லு. நான் சொல்றத மட்டும் சொல்லு. உன்னோடது ஒண்ணும் சேக்காத" என்றாள்.

அந்த அம்மா பேசினார். நல்ல வார்த்தை இல்லை, கண்ணு. எனக்கு நாக்கு நமநமவென்றது. உங்களைப் பார்த்ததில் சந்தோஷம் என்று மாற்றிச் சொல்லிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் சொன்னபடியே சொன்னேன்.

"இத்தன வருசமா உங்க கொட்டாய்க்காரங்க யாரும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலையாம். கோடு வந்ததும் வந்துட்டீங்களான்னு கேக்கறாங்க."

அக்கா தலையசைத்தாள். "நியாயம்தான்னு சொல்லு."

சொன்னேன்.

"எங்களுக்கும் தண்ணி வல்லன்னு சொல்லு."

அதையும் சொன்னேன். அந்த அம்மா உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார். அக்கா குடித்தாள். முகத்தைச் சுளிக்காமல் முழுசும் குடித்தாள். எனக்கும் கொடுத்தார்கள். நம் தண்ணீரைவிட உவர்ப்பு. பிறகு பாய் விரித்தார். அவர்கள் இரண்டு பேரும் பேசினார்கள். நான் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தை அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்தை இந்தப் பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அக்கா இன்னும் என்னிடம் சிரித்துப் பேசவில்லை. திரும்பி வரும்போது, "நாளைக்கும் வா" என்றாள்.

அம்மா ஜெயிப்பாளா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது, கண்ணு.

மாமா